மயக்க மருந்தும் மானிட்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபரேஷன் தியேட்டரில் புதிதாகச் சேர்ந்த செவிலியர்கள், அனஸ்தீசியா டெக்னீஷியன்கள், பயிற்சி மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நோயாளிகள் கேட்கும் கேள்வி ஒன்றும் இடையில் வருகிறது. அளவுகள் பெரியவர்களுக்கானவை, குழந்தைகளுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

குறைந்தபட்சம் எதையெல்லாம் கண்காணிக்க வேண்டும்?

ஆக்சிஜன், மூச்சு, ரத்த ஓட்டம், உடல் வெப்பம் என நான்கு. 1986 அக்டோபரில் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் ஏற்றுக்கொண்ட விதிமுறை இந்த நான்கின் மேல்தான் நிற்கிறது. அதே விதிமுறையில் இந்த நான்குக்கும் முன்பாக இன்னொன்று இருக்கிறது: தகுதி பெற்ற மயக்கவியலாளர் ஒருவர் மயக்கம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை அந்த அறையிலேயே இருக்க வேண்டும். கருவி வாங்கும் பட்டியலில் இது வராது. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறோம்.

நடைமுறையில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் (ரத்தத்தின் ஆக்சிஜன் நிறைவை, அதாவது சாச்சுரேஷனை, அளப்பது), கேப்னோகிராஃப் (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளப்பது), ஈசிஜி, பிபி கஃப், வெப்பநிலை புரோப், இயந்திரத்தில் ஆக்சிஜன் அனலைசர், சர்க்யூட் (நோயாளியை இயந்திரத்தோடு இணைக்கும் மூச்சுக் குழாய்கள்) அழுத்தம் காட்டும் மீட்டர் ஆகியவை தேவை. தசை தளர்த்தும் மருந்து கொடுப்பதாக இருந்தால் நரம்புத் தூண்டியும் வேண்டும்.

நோயாளி மேசைக்கு வந்ததும் எந்த வரிசையில் மாட்டுவது?

முதலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். ஐந்து விநாடியில் மாட்டிவிடலாம், உடனே துடிப்பின் ஓசை கேட்கும். அடுத்து பிபி கஃப், பிறகு ஈசிஜி. கஃபும் ஆக்ஸிமீட்டரும் வெவ்வேறு கைகளில் இருக்கட்டும். ஒரே கையில் மாட்டினால் கஃப் இறுகும் ஒவ்வொரு முறையும் சாச்சுரேஷன் அலை படுத்து அலாரம் அடிக்கும். நான்கு முறை அப்படி அடித்தபின் ஐந்தாவது முறை உண்மையான அலாரத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மயக்கம் கொடுக்கும் முன்பே ஒரு பிபி, ஒரு சாச்சுரேஷன், ஒரு ஈசிஜி தாளம் எழுதி வைத்துவிடுங்கள். வீட்டில் 160 இருந்தவருக்கு 100 என்பது பெரிய வீழ்ச்சி. 105 இருந்தவருக்கு அது ஒன்றுமில்லை. முதல் அளவு தெரியாவிட்டால் பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் பொருள் சொல்ல முடியாது. கேப்னோகிராஃப் குழாயில் நீங்களே ஒருமுறை ஊதிப் பாருங்கள். திரையில் மேடு எழுந்தால் கருவி தயார்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எப்போது தவறாகக் காட்டும்?

1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் டக்குவோ அயோயாகி கண்டுபிடித்த முறை இது. 660, 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள இரண்டு ஒளிகளை விரல் வழியே செலுத்தி, துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் பிரித்துக் கணக்கிடுகிறது. துடிப்பு கிடைக்காவிட்டால் கணக்கும் இல்லை. குளிர்ந்த கை, குறைந்த ரத்த அழுத்தம், ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து, கையை இறுக்கிக் கட்டிய துணி எல்லாமே அலையைச் சிறிதாக்கும். எண்ணை நம்புவதற்கு முன் அலையைப் பாருங்கள்.

அடர்ந்த மருதாணியும் நெயில் பாலிஷும் ஒளியை மறைக்கலாம். கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்த நோயாளி என்றால் காது மடலிலோ, சிவக்காத கால்விரலிலோ மாட்டுங்கள். கருமையான தோலில் உண்மை அளவைவிடச் சற்று அதிகமாகக் காட்டக்கூடும் என்பது நம் ஊரில் மறக்கக் கூடாத விஷயம். தீ விபத்தில் புகை சுவாசித்தவருக்கு இந்தக் கருவியை நம்பவே வேண்டாம்: கார்பன் மோனாக்சைடு கலந்த ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ரத்தமாகவே எண்ணும். மெத்தீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிய ஹீமோகுளோபின்) கூடினால் உண்மை நிலை என்னவாக இருந்தாலும் எண் 85 பக்கம் போய் நிற்கும். மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தை ஊசியில் போட்டதும் சில நிமிடம் பொய்யாகக் கீழே இறங்கும்; அறுவை மருத்துவர் அதைச் செலுத்தும் முன் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

சாச்சுரேஷன் 99 இருக்கிறது. அப்படியானால் மூச்சு சரியாகப் போகிறது என்றுதானே பொருள்?

இல்லை. தியேட்டரில் நடக்கும் ஆபத்தான தவறுகளில் பல இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன.

மயக்கத்துக்கு முன் மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுக்கப்பட்ட, 70 கிலோ எடையுள்ள ஆரோக்கியமான ஒருவருக்கு மூச்சு முற்றிலும் நின்றாலும் சாச்சுரேஷன் 90க்கு இறங்கச் சுமார் 8 நிமிடம் ஆகலாம். அதுவரை திரையில் 99, 99 என்றே வரும். மிகப் பருமனானவருக்கு அதே இடைவெளி 3 நிமிடத்துக்கும் குறைவு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மிகச் சீக்கிரம் இறங்கிவிடும். இறங்கத் தொடங்கினால் சரிவு வேகமாக இருக்கும்: சாச்சுரேஷன் 90 என்றால் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறக்குறைய 60 மி.மீ. பாதரசம்தான், அதற்குக் கீழே வளைவு செங்குத்தாக விழுகிறது. போதாக்குறைக்கு, நுரையீரலில் நடந்தது விரலுக்கு வந்துசேர அரை நிமிடம் வரை தாமதமாகும். நீங்கள் 88ஐப் பார்க்கும்போது நோயாளி அதற்கும் கீழே போயிருப்பார்.

மூச்சு போகிறதா என்று கேட்டால் பதில் சொல்லும் கருவி கேப்னோகிராஃப்.

கேப்னோகிராஃப் அலையை எப்படிப் படிப்பது?

மூச்சு வெளியே வரும்போது அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்து அலையாக வரைகிறது. நல்ல அலை, மூலை தேய்ந்த பெட்டி போல இருக்கும். அடிக்கோடு பூஜ்யத்தில், பிறகு செங்குத்தான ஏற்றம், லேசாக மேலேறும் தட்டையான மேடு, மூச்சை உள்ளே இழுத்ததும் மீண்டும் பூஜ்யம். மேட்டின் கடைசிப் புள்ளிதான் எண்ட் டைடல் அளவு. இயல்பு 35 முதல் 45 மி.மீ. தமனி ரத்தத்தில் இருப்பது இதைவிட 2 முதல் 5 மி.மீ. அதிகமாக இருக்கும். நுரையீரல் நோய், குறைந்த ரத்த ஓட்டம் இருந்தால் இந்த இடைவெளி இன்னும் விரியும்.

வடிவம் மாறினால் காரணம் தேடுங்கள். ஏற்றம் சாய்ந்து மேடு சுறாவின் துடுப்பு போல ஆகிவிட்டால் காற்று வெளியேறத் தடை இருக்கிறது: மூச்சுக்குழல் இறுக்கம், மூச்சுக்குழலில் செருகிய டியூப் மடிந்தது, டியூபில் சளி அடைத்தது. மேட்டின் நடுவில் ஒரு சிறு பள்ளம் விழுந்தால் நோயாளி தானாக மூச்சிழுக்க முயல்கிறார், தசை தளர்ச்சி குறைந்துவருகிறது. அடிக்கோடே பூஜ்யத்துக்கு வராமல் 5, 8 என்று உயர்ந்து நின்றால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறார். சோடா லைம் (விட்ட மூச்சின் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் துகள்கள்) தீர்ந்திருக்கலாம், வெளிமூச்சு வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். சோடா லைமின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். தீர்ந்துபோன குடுவை இரவு முழுக்கச் சும்மா இருந்தால் காலையில் மீண்டும் வெள்ளையாகத் தெரியும். கோடு பொய் சொல்லாது.

டியூப் போட்டாயிற்று, அலை வரவில்லை. என்ன செய்வது?

டியூப் உணவுக்குழாயில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி இல்லை என்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. மார்பு உயர்கிறது, இரு பக்கமும் சத்தம் கேட்கிறது, டியூபில் ஆவி படிகிறது என்பவை எல்லாம் உணவுக்குழாயில் டியூப் இருந்தாலும் நடக்கக்கூடியவை. கேப்னோகிராஃபில் கோடு தட்டையாக இருக்க, ஸ்டெத்தில் கேட்டதை நம்பி டியூபை விட்டுவைத்து நோயாளியை இழந்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

ஒன்றிரண்டு மேடு வந்ததும் நிம்மதி அடையவும் கூடாது. மாஸ்க்கில் ஊதியபோது வயிற்றுக்குள் போன காற்றும், சோடா குடித்த வயிறும் சில சிறிய அலைகளைக் காட்டி மங்கிப்போகும். குறைந்தது 7 மூச்சுகளுக்கு அலையின் உயரம் குறையாமல் இருக்க வேண்டும்; உச்சி அடிக்கோட்டிலிருந்து 7.5 மி.மீ.க்கு மேல் எழ வேண்டும். வரவில்லையென்றால் டியூபை எடுத்துவிட்டு மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுங்கள். எடுக்காமல் வைத்திருக்கத் தனிக் காரணம் இருந்தால், வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் டியூப் குரல்நாண்களின் நடுவே போவதை இரண்டு பேர் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இதயம் நின்றதால் அலை வரவில்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தால் நின்ற இதயத்திலும் தாழ்வான அலை வரும். முற்றிலும் தட்டையான கோட்டுக்கு அது விளக்கம் ஆகாது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த எண் திடீரென விழுந்தால்? மெல்ல ஏறிக்கொண்டே போனால்?

ஒரே மூச்சில் பூஜ்யமானால் சர்க்யூட் கழன்றது, டியூப் வெளியே வந்தது அல்லது முழுதாக மடிந்தது, இல்லையென்றால் கேப்னோ குழாய் பிடுங்கிக்கொண்டது. நோயாளியிலிருந்து தொடங்கி இயந்திரம்வரை கையால் தடவிக்கொண்டே போங்கள். சில மூச்சுகளுக்குள் 35லிருந்து 15 என்று சரிந்தால் நுரையீரலுக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கிறது: பெரும் ரத்தப்போக்கு, நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அல்லது காற்று, இதயம் நிற்கப்போவது. உடனே நாடியில் கை வையுங்கள், அறுவை மருத்துவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள்.

மெல்ல ஏறினால் பெரும்பாலும் மூச்சின் அளவு போதவில்லை. லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் ஊதும் வாயுவே கார்பன் டை ஆக்சைடு என்பதால் முதல் 15 முதல் 30 நிமிடம் ஏறி, பிறகு ஒரு மட்டத்தில் நிற்கும். அப்படி நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கழுத்தையும் மார்பையும் அழுத்திப் பாருங்கள். நறநறவென்றால் வாயு தோலுக்கடியில் பரவுகிறது.

வென்டிலேட்டர் அளவைக் கூட்டியும் ஏற்றம் நிற்கவில்லை, நாடி விரைகிறது, தாடையோ உடலோ விறைக்கிறது என்றால் மேலிக்னன்ட் ஹைபர்தெர்மியா (மயக்க மருந்தால் தூண்டப்பட்டு உடல் கட்டுப்பாடின்றிச் சூடேறும் ஆபத்தான நிலை) என்று நினைக்க வேண்டும். இதில் காய்ச்சல் பின்னால்தான் வரும். முதலில் சொல்வது கேப்னோகிராஃப். ஆவியாகும் மயக்க மருந்தை நிறுத்தி, 100 சதவீத ஆக்சிஜனை அதிக ஓட்டத்தில் கொடுத்து, இதற்கான மருந்தான டான்ட்ரோலீன் கிலோவுக்கு 2.5 மி.கி. தொடங்க வேண்டும். 20 மி.கி. குப்பி ஒவ்வொன்றையும் 60 மி.லி. ஸ்டெரைல் வாட்டரில் கரைக்க வேண்டும். 50 கிலோ நோயாளிக்கு முதல் டோஸுக்கே 7 குப்பி உடைக்க வேண்டும். கரைப்பதற்கென்றே தனியாக ஆள் வேண்டும். மருந்து எங்கே இருக்கிறது என்பதை இன்றே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேப்னோ குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. ஏன்?

சைட்ஸ்ட்ரீம் வகை நிமிடத்துக்கு 50 முதல் 250 மி.லி. வாயுவை உறிஞ்சி இயந்திரத்துக்குள் அளக்கிறது. கூடவே ஈரமும் வருகிறது. குழாய் இணையும் முனை எப்போதும் மேல்நோக்கி இருக்கட்டும், ஃபில்டரின் இயந்திரப் பக்கத்தில் மாட்டுங்கள். தண்ணீர்க் குடுவையை ஒவ்வொரு கேஸுக்கும் முன் காலி செய்யுங்கள். குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று கலந்து எண் குறைவாகத் தெரியும்.

பிபி கஃப் அளவு அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். கஃபின் உள்ளே இருக்கும் காற்றுப் பையின் அகலம் கைச்சுற்றளவில் 40 சதவீதம், நீளம் 80 சதவீதம் இருக்க வேண்டும். 32 செ.மீ. கைக்கு அகலம் சுமார் 13 செ.மீ. சிறிய கஃப் பிபியை அதிகமாகக் காட்டும், பெரியது குறைவாகக் காட்டும். முதல் வகைத் தவறுதான் மோசம்: உண்மையில் 85 இருப்பவர் 105 என்று காட்டப்பட்டு அப்படியே விடப்படுவார்.

தானியங்கிக் கருவி அதிர்வுகளை வைத்து நேரடியாகப் பிடிப்பது சராசரி அழுத்தத்தை. மேல் எண்ணும் கீழ் எண்ணும் தயாரிப்பாளரின் கணக்கு. ஆகவே சராசரியைப் பார்த்து முடிவெடுங்கள், 65 மி.மீ.க்குக் கீழே விடாமல் பார்த்துக்கொள்வது பொதுவான இலக்கு, பழைய ரத்த அழுத்த நோயாளிக்கு அதைவிட மேலே.

டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையில் கஃப் கட்டவே கூடாது.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை?

பொது மயக்கத்தில் 5 நிமிடத்துக்கு மேல் இடைவெளி கூடாது. முதுகில் ஊசி போட்டபின் முதல் 15 நிமிடம் 1 அல்லது 2 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் பிபி சரியும். சிசேரியனில் தாய் "குமட்டுது" என்று சொன்னால் கஃப் தன் முறைக்கு வரும்வரை காத்திருக்காமல் உடனே அழுத்துங்கள். பிபி விழுந்ததற்கு அவருடைய வயிறே முதல் சாட்சி.

ஓயாமல் இறுகும் ஸ்டாட் முறையை மணிக்கணக்கில் ஓடவிடாதீர்கள். தோலடியில் ரத்தப்புள்ளிகளும், சிலருக்கு நரம்புக் காயமும் வரும். அவ்வளவு நெருக்கமாகப் பார்க்க வேண்டிய நோயாளிக்குத் தேவைப்படுவது ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் குழாய் வைத்து அழுத்தத்தை விடாமல் அளப்பது).

ஆர்ட்டீரியல் லைன் போட்டால் எண் எப்போதும் சரியாக இருக்குமா?

டிரான்ஸ்டியூசர் (அழுத்தத்தை மின் அலையாக மாற்றும் உணரி) எங்கே தொங்குகிறது என்பதைப் பொறுத்தது. அதை நடு அக்குள் கோட்டில், நான்காவது விலா இடைவெளி மட்டத்தில் வைத்து, காற்றுக்குத் திறந்து ஜீரோ செய்யுங்கள். 10 செ.மீ. கீழே இறங்கினால் எண் 7.5 மி.மீ. பொய்யாக ஏறும். மேசையை உயர்த்திவிட்டு டிரான்ஸ்டியூசரை ஸ்டாண்டிலேயே விட்டுவிடுவது அன்றாடம் நடக்கும் பிழை. தோள்பட்டை அறுவையில் உட்காரவைத்த நிலை என்றால் காது மட்டத்தில் வையுங்கள், மூளைக்குப் போகும் அழுத்தம்தான் அங்கே தேவை.

பிரஷர் பேக் 300 மி.மீ.யில் இருக்க வேண்டும். அப்போது மணிக்குச் சுமார் 3 மி.லி. சலைன் உள்ளே போய்க் குழாயை அடைக்காமல் வைத்திருக்கும். ஃப்ளஷை இழுத்துவிட்டுப் பாருங்கள்: அலை ஒன்றிரண்டு முறை துள்ளி அமைதியாக வேண்டும். துள்ளவே இல்லையென்றால் காற்றுக்குமிழி, ரத்தக்கட்டி, மடிப்பு, மென்மையான குழாய் ஆகியவற்றைத் தேடுங்கள். மேல் எண் குறைந்து கீழ் எண் கூடித் தெரியும், சராசரி பெரிதாக மாறாது.

ஃப்ளஷ் பாட்டிலில் டெக்ஸ்ட்ரோஸ் மாட்டவே கூடாது. அதே லைனில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை பொய்யாக ஏறித் தெரியும். அதை நம்பி இன்சுலின் கொடுத்து மூளை பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. சலைன் பாட்டிலும் டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும். பேக்கின் உறைக்குள் நுழைக்கும் முன் லேபிளை இரண்டு பேர் படியுங்கள்.

ஈசிஜி வயர் நிறங்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றனவே?

இரண்டு முறைகள் நம் மருத்துவமனைகளில் கலந்து கிடக்கின்றன. ஐரோப்பிய முறையில் சிவப்பு வலது தோள், மஞ்சள் இடது தோள், பச்சை இடது கீழ், கறுப்பு வலது கீழ், வெள்ளை மார்பு. அமெரிக்க முறையில் வெள்ளை வலது தோள், கறுப்பு இடது தோள், சிவப்பு இடது கீழ், பச்சை வலது கீழ், பழுப்பு மார்பு. நிறத்தை மனப்பாடம் செய்யாமல் கிளிப்பில் அச்சிட்ட எழுத்தைப் படியுங்கள்.

தாளம் பார்க்க லீட் 2, இதயத் தசைக்கு ரத்தம் குறைகிறதா என்று பார்க்க வி5. இரண்டையும் ஒன்றாகத் திரையில் வையுங்கள். எஸ்டி (ஈசிஜி அலையில் ரத்தக் குறைவைக் காட்டும் பகுதி) மாற்றம் பார்க்க வேண்டுமானால் மானிட்டரை டயக்னாஸ்டிக் ஃபில்டருக்கு மாற்ற வேண்டும்; வழக்கமான மானிட்டர் ஃபில்டர் எஸ்டியை வளைத்துக் காட்டும்.

காட்டரி (மின்சூட்டால் வெட்டும் கருவி) போடும்போது ஈசிஜி கிறுக்கலாகும். அப்போது ஆக்ஸிமீட்டர் அலை ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்தால் பயமில்லை. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஈசிஜி காட்டும் இதயத் துடிப்பை நம்பாதீர்கள், அது பேஸ்மேக்கரின் மின் தூண்டல்களையே துடிப்பாக எண்ணக்கூடும். ஆக்ஸிமீட்டர் எண்ணும் நாடிதான் கணக்கு.

"நடுவில் எனக்கு முழிப்பு வந்துவிடுமா டாக்டர்?"

அரிதாக நடக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வெளியான பெரிய ஆய்வில், நோயாளிகளே தெரிவித்த கணக்குப்படி சுமார் 19,000 பொது மயக்கங்களில் ஒன்று. தசை தளர்த்தும் மருந்து கொடுத்தவர்களில் 8,000க்கு ஒன்று, கொடுக்காதவர்களில் 1,36,000க்கு ஒன்று. பொது மயக்கத்தில் செய்த சிசேரியனில் 670க்கு ஒன்று. அசைய முடியாதவரால் தனக்கு விழிப்பு இருப்பதைக் காட்ட முடியாது என்பதைத்தான் இந்த வித்தியாசம் சொல்கிறது.

வாயு மயக்கத்தில், வெளிமூச்சிலுள்ள மருந்தின் அளவை 0.7 மேக்குக்கு (வாயு மயக்க மருந்தின் வீரியத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கினால் அலாரம் அடிக்குமாறு வைக்கலாம். முழுக்கச் சிரை (ரத்தக்குழாய்) வழியே மயக்கம் கொடுத்து, தசையும் தளர்த்தியிருந்தால் நெற்றியில் ஒட்டி, மூளை அலையிலிருந்து மயக்கத்தின் ஆழத்தைக் கணக்கிடும் பிஸ் பட்டை உதவும்: 40 முதல் 60 வரை பொருத்தமான ஆழம். கெட்டமைன் கொடுத்தால் அந்த எண் பொருந்தாது. ஐவி கேனுலா கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். திரைத்துணிக்கடியில் மருந்து தசைக்குள் கசிந்துகொண்டிருந்தால் எந்தப் பம்பும் சொல்லாது.

தலையை 5 விநாடி தூக்கினார், டியூபை எடுக்கலாமா?

போதாது. தசை தளர்ச்சி கணிசமாக மீதமிருப்பவரும் தலையைத் தூக்கிவிடுவார். ஆனால் தொண்டைத் தசைகள் தயாராக இருக்காது. மணிக்கட்டில் அல்னார் நரம்பின் மேல் இரண்டு எலெக்ட்ரோடு ஒட்டி, அரை விநாடிக்கு ஒன்றாக நான்கு தூண்டல் கொடுங்கள். நான்காவது அசைவு முதலாவதில் 0.9 பங்காவது இருந்தால் எடுக்கலாம். கண்ணாலும் கையாலும் பார்த்தால் 0.4க்கு மேல் வித்தியாசம் தெரியாது, 0.5ம் 0.95ம் ஒன்றாகவே தோன்றும். அளந்து சொல்லும் கருவி தேவைப்படுவது இதனால்தான். புருவத் தசையில் பார்ப்பதைத் தவிருங்கள், அது கட்டைவிரலைவிட முன்னதாக மீண்டு ஏமாற்றும்.

வெப்பநிலையை ஒவ்வொருவருக்கும் பார்க்க வேண்டுமா?

அரை மணிக்கு மேல் போகும் பொது மயக்கம் எல்லாவற்றிலும். மயக்கம் தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே உடலின் உள்வெப்பம் 1 டிகிரிக்கு மேல் இறங்கலாம், உள்ளே இருந்த சூடு கை கால்களுக்குப் பரவிவிடுவதால். 36 டிகிரிக்குக் கீழே ரத்தம் உறைவது மெதுவாகும், புண்ணில் தொற்று வாய்ப்பு கூடும், மருந்துகள் நீண்டுநிற்கும். புரோபை மூக்கின் பின்பகுதியிலோ உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியிலோ வையுங்கள். நெற்றிப் பட்டை தோலின் சூட்டைத்தான் சொல்கிறது.

ஆக்சிஜன் அனலைசர் எதற்கு, ஃப்ளோமீட்டர் இருக்கிறதே?

ஃப்ளோமீட்டர் ஓட்டத்தைக் காட்டும், குழாயில் வருவது ஆக்சிஜன்தானா என்று சொல்லாது. மத்தியக் குழாய் இணைப்பு மாறி நைட்ரஸ் ஆக்சைடு வந்தால், நோயாளி நீலமாகும் முன் அதைச் சொல்லக்கூடியது இதுதான். காலையில் வெளிக்காற்றில் 21, முழு ஆக்சிஜனில் 100 காட்டுகிறதா என்று பாருங்கள். எண் ஆடினால் செல் தீர்ந்துவிட்டது.

அலாரங்களை நிறுத்தி வைக்கலாமா?

இரண்டு நிமிட இடைநிறுத்தம் போதும். ஆக்ஸிமீட்டரின் துடிப்பு ஓசையையும் கேப்னோகிராஃப் அலாரத்தையும் ஒருபோதும் நிறுத்த வேண்டாம். சாச்சுரேஷன் இறங்க இறங்க அந்த ஓசையின் சுருதியும் இறங்கும். முதுகைத் திருப்பி மருந்து எடுத்துக்கொண்டிருப்பவருக்கும் அது கேட்கும்.

நடுவில் கரன்ட் போய் மானிட்டரும் அணைந்துவிட்டால்?

பேட்டரி இருக்க வேண்டும், ஆனால் பழைய பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது. மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். அணைந்துவிட்டால் முதலில் ஒரு கையை கரோட்டிட் நாடியில் வையுங்கள். அம்பு பேக்கால் (கையால் அழுத்தும் மூச்சுப் பை) ஊதிக்கொண்டே மார்பு ஏறி இறங்குவதைப் பாருங்கள். டார்ச் அடித்து உதட்டின் நிறத்தையும், காயத்தில் வரும் ரத்தத்தின் நிறத்தையும் அறுவை மருத்துவரிடம் கேட்டுச் சரிபாருங்கள். வாயு இயந்திரமும் நின்றிருந்தால் மயக்கம் கலையாமலிருக்க புரோப்போஃபால் ஊசியைத் தொடருங்கள். கையால் இயக்கும் பிபி கருவியும், ஸ்டெத்தும், விரலில் மாட்டும் சிறிய பேட்டரி ஆக்ஸிமீட்டரும் மேசையின் இழுப்பறையில் இருக்கட்டும்.

ரெகவரி அறைக்கு மாற்றும்போது எப்போது கழற்றுவது?

கடைசியில் கழற்ற வேண்டியது ஆக்ஸிமீட்டர். மேசையிலிருந்து டிராலிக்கு மாற்றுவதற்காக எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ரெகவரி அறை போய்ச் சேரும்வரை வெறும் கையோடு தள்ளிக்கொண்டு போவது பரவலான வழக்கம். டியூப் எடுத்த சில நிமிடங்களில்தான் நாக்கு பின்வாங்கும், மீதமிருக்கும் மருந்து மூச்சை அடக்கும். டிராலியில் ஆக்சிஜன் சிலிண்டர் திறந்திருக்கிறதா, மாஸ்க்கில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஆவி படிகிறதா என்று பார்த்துக்கொண்டே தலைப் பக்கம் நில்லுங்கள். ரெகவரியில் ஆக்ஸிமீட்டர் மாட்டி, முதல் பிபி எழுதி, அங்கிருக்கும் செவிலியரிடம் நோயாளியின் பெயர், அறுவை, கொடுத்த மருந்து, கடைசி டோஸ் நேரம் ஆகியவற்றைச் சொல்லி முடித்தபிறகே தியேட்டருக்குத் திரும்பலாம்.